மாத்திரையை ஒளித்துவைத்துக் கல்யாணம் பண்ண வேண்டாம், அம்மா

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். பதினைந்து வயதில், பரீட்சைக்கு ராத்திரி முழுக்க விழித்துப் படித்த மறுநாள் விடிகாலையில் முதல் தடவையாக வலிப்பு வந்தது. வீட்டில் எல்லோரும் பதறி, கையில் சாவிக்கொத்தைத் திணித்து, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு நடுவில் ஸ்பூனை வைத்து அழுத்தியதில் முன்பல் ஒன்று உடைந்தது. அப்புறம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டாவது முறை வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை, காலையும் இரவும், இன்றுவரை சாப்பிடுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்திருந்தபோது, ராத்திரி முழுக்கத் தூங்காமல், மாத்திரையும் விட்டுப்போய், காலையில் ஒரு தடவை வந்தது. அதற்குப் பிறகு "பெருசா எதுவும் வரல". கடிதத்தில் ஓரமாக இன்னொரு வரி: "காலையில எழுந்ததும் சில நாள் கை வெட்டி வெட்டி இழுக்கும், பிரஷ்ஷு, காபி டம்ளரு கைய விட்டுப் பறக்கும், கவனமா இருக்க மாட்டேங்குறான்னு திட்டுவேன்." உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது, மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை.

இப்போது நிச்சயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, குடும்பம் ஆரணிப் பக்கம். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம். பையன் வீட்டுக்கு இந்த விஷயம் தெரியாது. தறி போட்டிருக்கும் அப்பா, "ரெண்டு வருஷமாத்தான் வரலையே, மாத்திரைய நிறுத்திடலாம், அப்புறம் எதைச் சொல்லணும்" என்கிறார். தாய்மாமன், "ரெண்டு பவுன் கூடப் போட்டுச் சமாளிச்சுக்கலாம், வாயத் தொறக்காதீங்க" என்கிறார். பெண் மட்டும், "சொல்லிடும்மா, எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள். சொல்வதா மறைப்பதா, மாத்திரையை நிறுத்தலாமா, பிறக்கிற குழந்தைக்கும் வருமா என்று அம்மா கேட்கிறார். அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பதில் வேண்டுமாம்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் பெண்ணுடைய உடம்புக்கு இப்போது பெரிய ஆபத்து வலிப்பு நோய் இல்லை, அதை மறைப்பதுதான். மறைக்க முடிவு செய்த வீட்டில் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கும். மாமியார் பார்க்காத நேரம் பார்த்து விழுங்க வேண்டியிருக்கும், புடவை மடிப்புக்குள் அட்டையை ஒளிக்க வேண்டியிருக்கும், தீர்ந்துபோனால் யாரிடம் சொல்லி வாங்குவது என்று தெரியாமல் நாலு நாள் விட்டுப்போகும். கல்யாணமாகி இரண்டு மூன்று மாதத்தில், புருஷன் வீட்டில் விழுந்து, எங்கள் ஓ.பி.க்குத் தூக்கிக்கொண்டு வரப்படுகிற பெண்களில் ரொம்பப் பேருடைய கதை இதுதான். அதனால் ஆத்திரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த டம்ளர் விஷயம்

நீங்கள் ஓரமாக எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமாகப் பட்டது. காலையில் எழுந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் கையோ தோளோ சட்டென்று வெட்டி இழுப்பது, பிடித்திருக்கிற பொருள் தெறித்து விழுவது, நினைவு மட்டும் தெளிவாக இருப்பது, முந்தின நாள் சரியாகத் தூங்காவிட்டால் இது கூடுவது, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் தொடங்கியிருப்பது, பெரிய வலிப்பு எல்லாமே விடிகாலையில் வந்திருப்பது, ஸ்கேன் சுத்தமாக இருப்பது என எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட வகை வலிப்பு நோய் ஞாபகத்துக்கு வருகிறது. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று நாங்கள் சொல்வது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நேரில் பார்க்க வேண்டும், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சந்தேகம் சரியாக இருந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

ஒன்று, அது கவனக்குறைவு இல்லை. அந்த வெட்டு இழுப்பும் ஒரு சின்ன வலிப்புதான். மூளையின் நரம்பு அணுக்கள் ஒரு கணம் ஒழுங்கு தப்பி மின்சாரத்தைக் கொட்டுகின்றன. அது அந்த ஒரு நொடியில் அடங்கிவிட்டால் டம்ளர் விழுகிறது, அடங்காமல் மூளை முழுக்கப் பரவிவிட்டால் ஆளே விழுகிறார். அதனால் "ரெண்டு வருஷமா வரல" என்று உங்கள் வீட்டுக்காரர் போட்டிருக்கும் கணக்கு தப்பு. பெரியது வரவில்லை, அவ்வளவுதான். சின்னது வந்துகொண்டுதான் இருக்கிறது. அவளைத் திட்டாதீர்கள் அம்மா. எட்டு வருடமாகத் தன் கை தன் சொல் கேட்காததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண்.

இரண்டு, எல்லா வலிப்பும் ஒன்றல்ல. நம் வேலூர் பக்கத்தில் வலிப்பு என்றதும் "மூளையில பூச்சி" என்பார்கள். அது வெறும் பேச்சில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்திலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வரும் கட்டிதான் காரணம் என்று தெரிந்தது. பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வரும். வயிற்றில் புழு இருக்கிறவரின் மலத்தில் முட்டை வெளியேறி, கழுவாத கை வழியாகவும் கழுவாத கீரை காய்கறி வழியாகவும் அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. சைவக் குடும்பங்களில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் உண்மை இதுதான். அந்த வகையாக இருந்தால் கட்டி கரைந்த பிறகு கொஞ்ச காலத்தில் மாத்திரையை நிறுத்திவிட வாய்ப்பு நிறைய. உங்கள் மகளுக்கு ஸ்கேன் சுத்தம் என்பதால் அது இல்லை என்றே தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருடத்தில் மாத்திரையை விட்டுவிட்டான், இவளும் விடலாம் என்று யாராவது சொன்னால், அவன் நோய் வேறு இவள் நோய் வேறு என்று சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இப்போது கூடாது. நீங்களாக நிறுத்துவது எந்தக் காலத்திலும் கூடாது.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பு எப்போதும் வராத அளவுக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்து, நினைவே திரும்பாமல் ஐ.சி.யு. வரைக்கும் போகலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக இரண்டு வருடம், அதற்கு மேலும் எந்த வகை வலிப்பும் இல்லாமல் இருந்தால், நோயின் வகையைப் பார்த்து, டாக்டர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். நான் சந்தேகப்படுகிற வகையில் மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அதனால் ரொம்பப் பேர் பல வருடங்கள், சிலர் ஆயுளுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் இதே வகைதான் சரியான மாத்திரைக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிற வகையும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, வேலை பார்த்து, பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரிலேயே ஏராளம். சொல்லிக்கொள்ளாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

நிறுத்தக் கூடாது என்றேனே தவிர, இதே மாத்திரையைத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள். வால்ப்ரோயேட் நல்ல மருந்து, இந்த வகை வலிப்பை நன்றாக அடக்கும். ஆனால் கருத்தரிக்கப் போகிற பெண்ணுக்கு அது சிக்கலான மருந்து. தாய் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கருவானால், நூறு குழந்தைகளில் சுமார் பத்துக்கு முதுகுத்தண்டு, இதயம், உதடு போன்ற இடங்களில் பிறவிக் குறை வரலாம். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மார்களிடம் இது இரண்டு மூன்றுதான். அதோடு நூறில் முப்பது நாற்பது குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சியில் பின்தங்கல் வரலாம். டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். உடம்பு போடுவதும் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும்கூட இந்த மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு உண்டு. பதினைந்து வயதில் இதை ஆரம்பித்ததில் தப்பில்லை, ஆனால் கல்யாணப் பேச்சு தொடங்கியபோதே யாராவது உங்களை உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாற்று இருக்கிறது. லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் இரண்டும் கர்ப்பத்துக்குப் பெருமளவு பாதுகாப்பானவை. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும், வேகமாக ஏற்றினால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம், சிலருக்கு இந்தக் கை வெட்டைக் கூட்டவும் செய்யும். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் மனச்சோர்வையும் கொடுக்கும், புது வீட்டில் புது மருமகள் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது மருந்தா மனசா என்று பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எது சரி என்பதைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும். ஒன்றைச் சேர்த்து, நிலைப்படுத்தி, பிறகு மற்றதைக் குறைத்து எடுக்கச் சில மாதம் ஆகும். ஆவணிக்குள் முடிந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதனால் கல்யாணம் ஆனாலும், மருந்து மாறி நிலைப்படும் வரைக்கும் குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா, நீங்களே யோசித்துப் பாருங்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும், கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைக் குறைக்கும் என்பதால் எந்தக் கருத்தடை என்பதையும் டாக்டரைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைப் படித்துப் பயந்து நாளைக்கே வால்ப்ரோயேட்டை நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து உள்ளே போகாமல் இதை எடுக்கக் கூடாது.

குழந்தைக்கும் வருமா?

உங்கள் மனதில் இருக்கிற அளவுக்கு இல்லை. தாய்க்கு வலிப்பு நோய் இருந்தால் பிள்ளைக்கு வர நூறில் நாலைந்து வாய்ப்பு, பொதுவாக எல்லோருக்கும் நூறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வகையைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும். அதாவது நூறில் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு வருவதில்லை. சர்க்கரை இருக்கிற குடும்பத்தில் பெண் எடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம், யாராவது கணக்குக் கேட்கிறார்களா?

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகி மூடுவது கருவான முதல் நாலு வாரத்திலேயே. நாள் தள்ளிப்போனதை அவள் கவனிக்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே, டாக்டர் சொல்லும் அளவில் தொடங்க வேண்டும். கர்ப்பமானால் மாத்திரையை விட்டுவிடக் கூடாது, ஐந்தாவது மாத ஸ்கேனைத் தவறவிடக் கூடாது, பிரசவம் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போதும் தூக்கம்தான் பிரச்சினை. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் பிள்ளை அழும், ஒரு நேரமாவது புருஷனோ மாமியாரோ எழுந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுக்கட்டும், குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம். இதெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தால்தான் நடக்கும்.

சொல்வதா, மறைப்பதா?

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தாய்மாமன் பேச்சில் அந்தப் பயம் தெரிகிறது. வலிப்பு இருப்பவர்களுக்குக் கல்யாணமே செல்லாது என்று ஒரு காலத்தில் சட்டத்தில் இடம் இருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், கல்யாணம் செய்யக் கூடாதவர்கள் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. 1999-இல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் எடுத்தாயிற்று. வலிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இன்று யாரும் உங்கள் மகளின் கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது.

ஆனால் மறைத்தால் கதை வேறு. முக்கியமான ஒரு விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லி, தெரியவந்த ஒரு வருடத்துக்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. வழக்கு ஜெயிக்குமா தோற்குமா என்பது வக்கீல் சொல்ல வேண்டியது. நான் பார்ப்பது, அந்த வழக்கு நடக்கிற காலத்தில் பெண் எப்படி இருப்பாள் என்பதை. நோயைக் கொடுத்தது உடம்பு, மறைத்தது நாம். நோய்க்காக யாரும் அவளைக் குற்றவாளி ஆக்க முடியாது, மறைத்ததற்காக ஆக்க முடியும். இரண்டு பவுன் கூடப் போட்டால் அந்தக் குற்றம் போகாது, தெரிந்துதான் போட்டார்கள் என்று பேச்சுதான் வரும்.

சொன்னால் நிச்சயம் முறிந்துபோகலாம். இதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஊரில் நாலு பேர் பேசுவார்கள், அடுத்த வரன் வரக் கொஞ்ச நாள் ஆகும், நீங்கள் ராத்திரி தூக்கமில்லாமல் அழுவீர்கள். அது பெரிய வலிதான். ஆனால் தாலி கட்டி ஆறு மாதத்தில், வயிற்றில் பிள்ளையோடு, "ஏமாத்திட்டீங்க" என்ற பேச்சோடு திரும்பி வருவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொன்னதும் ஓடுகிற பையன், பிறகு தெரிந்திருந்தால் எப்படி நடந்துகொண்டிருப்பான் என்பதும் சொன்னால்தான் தெரியும். சொன்ன பிறகும் நடந்த கல்யாணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புருஷன் செல்போனில் மாத்திரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்று. அவளுக்கு 23 வயது. இது அவளுடைய உடம்பு, அவளுடைய கல்யாணம். அப்பாவும் மாமாவும் கூடிப் பேசி முடிவெடுக்கிற இடத்தில் அவள் சொன்னது ஒன்றுதான் சரியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்கிறாளே, மறைத்துக்கொண்டு வாழ்கிற பயம் அது. அவள் பேச்சைக் கேளுங்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். தரகர் மூலம் வேண்டாம், அவர் வாயில் அது வேறு நோயாக மாறிவிடும். அவளே மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லட்டும், பக்கத்திலேயே நீங்கள் இருங்கள். பிறகு பெரியவர்களிடம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேசுங்கள். "பதினைஞ்சு வயசுல இருந்து ஃபிட்ஸ் இருக்கு, மாத்திரை சாப்பிடுறா, ரெண்டு வருஷமா பெருசா வரல, வேலைக்குப் போறா, டாக்டர்கிட்ட நீங்களே வந்து கேட்டுக்கலாம்" என்று இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லாதீர்கள், குற்றம் ஒன்றும் செய்யவில்லை. பையனும் அவன் அப்பா அம்மாவும் சந்தேகம் கேட்க வந்தால், உங்கள் மகள் சம்மதத்தோடு, எந்த நரம்பியல் டாக்டரும் உட்காரவைத்துப் பேசுவார். அதைத் தயங்காமல் கேளுங்கள்.

கல்யாண நாள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நம் கல்யாணம் இந்த நோய்க்கு எதிராகவே கட்டினது போல இருக்கும். முந்தின நாள் சாயந்திரம் பெண் அழைப்பு, ஒன்பது மணிக்கு ரிசப்ஷன், பன்னிரண்டு மணி வரை போட்டோ, ஒரு மணிக்கு மருதாணியைக் கழுவி, மூன்று மணிக்கு எழுப்பித் தலை பின்னி, நாலரை ஆறு முகூர்த்தம். நடுவில் சாப்பாடு இல்லை, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிரசு அன்றைக்கு நடந்ததும் இதுதானே.

அதனால் ஐயரிடம் ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் கேளுங்கள். ரிசப்ஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு சாயந்திரம் வையுங்கள், முடியாது என்றால் பத்து மணிக்கு மேடையை விட்டு இறக்கிவிடுங்கள். மருதாணியை இரண்டு நாள் முன்னாலேயே வைத்துவிடலாம். மாத்திரைக்குப் பொறுப்பு ஒரே ஆள், நீங்களோ அவளுடைய அக்கா தங்கையோ, மணி பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு மணையில் உட்காரவைக்காதீர்கள். இந்த வகை வலிப்பில் சிலருக்கு விட்டு விட்டு மின்னுகிற வெளிச்சம் ஆகாது, அதனால் டி.ஜே. லைட் வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவிடுங்கள்.

சாவிக்கொத்தும் ஸ்பூனும்

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். இரும்பைக் கையில் கொடுத்த நேரத்தில் அது நிற்பதால் இரும்புதான் நிறுத்தியது என்று நினைக்கிறோம். கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும். சாவியால் கெடுதல் பெரிதாக இல்லை, நேரம்தான் வீண். ஸ்பூன்தான் ஆபத்து. நாக்கைக் கடித்தால் ஆறிவிடும், அவள் பல் ஆறாது. பல் துண்டு மூச்சுக்குழாயில் போயிருந்தால் இன்னும் மோசம்.

வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூர்மையான, சூடான சாமான்களைத் தள்ளி வையுங்கள், தலைக்கு அடியில் மடித்த துணி, கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள், மணி பாருங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட. உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் வெளியே வடிந்துவிடும். தெளியும்வரை பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ, தண்ணீரில் விழுந்தாலோ, அடிபட்டாலோ, கர்ப்பமாக இருக்கும்போது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டிலேயே மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே இருக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்கி, எப்படி அடிப்பது என்று மாப்பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும்.

குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். கிணறு ஏரியில் தனியாக இறங்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கொதிக்கிற எண்ணெய் பக்கம் போக வேண்டாம், முதல் ஒரு மணி நேரம் வேறு யாராவது அடுப்பைப் பார்க்கட்டும். சீராக ஸ்கூட்டி கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் வலிப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை என்று பொய்க் கையெழுத்துப் போட்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது அவளுக்கும் எதிரில் வருகிறவனுக்கும் ஆபத்து. கம்பெனி பஸ்ஸே போதும்.

இனி என்ன செய்வது?

இந்த வாரமே ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். வெளியூர் போக வேண்டியதில்லை. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஆரம்பித்ததே நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். இன்றைக்கும் கல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வலிப்புக்காகக் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள், குடியாத்தத்திலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் வருகிற நாம் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், வலிப்பு மாத்திரைகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள்.

போகும்போது பழைய சீட்டுகள், ஸ்கேன், முன்பு எடுத்த இ.இ.ஜி. எல்லாம் எடுத்துப் போங்கள். காலையில் கை வெட்டி இழுப்பதை இரண்டு மூன்று நாள் செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு அது பத்து பக்கக் கடிதத்தைவிட உதவும். அவள் மாதவிலக்குத் தேதிகளையும், மாத்திரை விட்டுப்போன நாட்களையும் மறைக்காமல் சொல்லட்டும். இ.இ.ஜி. எடுக்கிற அன்றைக்கும் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர. முந்தின இரவு குறைவாகத் தூங்கி வரச் சொன்னால் துணைக்கு ஒருவர் கூடவே இருங்கள். டாக்டர் அறைக்குள் அவளைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள், உங்கள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் கல்யாணமாகப் போகிற பெண்ணுக்கு இருக்கும்.

அழைப்பிதழை அதற்குப் பிறகு அடிக்கக் கொடுக்கலாம்.